ஆடியில் தொடங்கினால் மார்கழிக்குப் போர்வை!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத அதே நாளில், மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பொழுது சாயும்போதே தோளுக்கு ஒரு துண்டு தேவைப்படுகிறது. மார்கழி, தை மாதங்களில் கேட்கவே வேண்டாம். காபித் தோட்டங்களுக்கு மேல் இறங்கும் பனி வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

இந்தக் குளிருக்கு நம் கையாலேயே ஒரு போர்வை பின்னினால் என்ன என்ற ஆசை பலருக்கும் உண்டு. மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, சமவெளியில் ஏ.சி. அறையில் தூங்குகிறவர்களுக்கும்தான். ஆசையோடு நூல் வாங்குகிறோம். யூடியூபைப் பார்த்து நாலு விரற்கடை அகலத்துக்குப் பின்னுகிறோம். அப்புறம் விருந்தாளி வருகிறார்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, யாருக்காவது காய்ச்சல் வருகிறது. ஆறு மாதம் கழித்து பீரோவின் அடித்தட்டைத் திறந்தால், ஊசியோடு சேர்த்துச் சுருட்டி வைத்த அந்தத் துண்டு அப்படியே கிடக்கிறது.

பொறுமை போதவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தொடங்கிய விதத்தில்தான் சிக்கல். ஐந்தடிப் போர்வையை ஒரே துண்டாகப் பின்ன ஆரம்பித்தால், அது முடியும்வரை கையில் எதுவுமே இல்லை. அதையே சின்னச் சின்னச் சதுரங்களாகப் பின்னினால், ஒவ்வொரு சதுரமும் முடிந்த ஒரு வேலை. எப்போது நிறுத்தினாலும் நஷ்டமில்லை. கம்பளிப் பின்னலுக்கும் குரோஷாவுக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கும் இந்த ஒரே சூத்திரம்தான்.

50 கிரவுண்டு போர்வை

சதுரத்தின் பலத்தைப் பெரிய அளவில் காட்டியது நம் சென்னைதான்.

சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டில் குரோஷா போடும் பெண்களை ஃபேஸ்புக் வழியாக ஒன்றுசேர்த்த குழு அது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் இவர்கள் விரித்துக் காட்டிய குரோஷா போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அப்போது அது கின்னஸ் உலக சாதனை.

எண் புரியவில்லையா? நம் கணக்கில் சொன்னால் 1,20,000 சதுர அடி. மனைக் கணக்கில் 50 கிரவுண்டு. வயல் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். அத்தனையும் ஒற்றை ஊசியால் போட்ட பின்னல்!

ஒரே இடத்தில் உட்கார்ந்து யாரும் இதைப் பின்னவில்லை. அவரவர் வீட்டில், அவரவருக்குக் கிடைத்த நேரத்தில் முடித்த துண்டுகள்தான் ஒன்றாக இணைக்கப்பட்டன. அளந்து முடித்த பிறகு அவை மறுபடி பிரிக்கப்பட்டு, குளிருக்குப் போர்வை இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இணைக்கவும் பிரிக்கவும் வசதியான அளவில் பின்னியதால்தான் இரண்டும் முடிந்தது.

அதே குழு 2017-ல் 14 கிலோமீட்டர் நீள ஸ்கார்ஃப் பின்னியது. 2018-ல் 58,917 குரோஷா பொம்மைகளையும் உருவங்களையும் ஒரே இடத்தில் காட்சிக்கு வைத்தது. பாதியில் நின்றுபோன ஒரு ஸ்வெட்டர் உங்கள் பீரோவில் இருந்தால், இந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அங்கும் ஒவ்வொருவரும் செய்தது தன் பங்குக்கு உரியதை மட்டும்தான்.

ஆண்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலாவின் பெயரில் கரோலின் ஸ்டெய்ன் தொடங்கிய போர்வை இயக்கம் ஒன்று இருக்கிறது. மண்டேலாவின் 67 ஆண்டு பொதுவாழ்வை நினைத்து, 67 போர்வைகள் என்ற இலக்கோடு ஆரம்பித்தது. 2019-ல் ஜோண்டர்வாட்டர் சிறை வளாகத்தில் மண்டேலாவின் முகத்தையே பிரம்மாண்டமான போர்வையாக விரித்தார்கள். அதற்குப் பின்னியவர்களில் சிறைக் கைதிகளும் உண்டு. ஊசி பிடிக்கும் கை ஆணா பெண்ணா என்று நூலுக்குத் தெரியாது.

அரை மணி நேரம் எங்கிருந்து வரும்?

இனி நம் வீட்டுக் கணக்கு.

8 இன்ச் சதுரம் ஒன்றைப் பின்னக் கை பழகியவருக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சதுரம் மூன்று, நாலு மணி நேரம் கூட எடுக்கும், பத்தாவது தானாக வேகம் பிடிக்கும். குறுக்கே 5, நெடுக்கே 7 என 35 சதுரங்கள் சேர்ந்தால் 40 இன்ச் அகலம், 56 இன்ச் நீளம். குழந்தைக்கு முழுப் போர்வை, பெரியவர்களுக்கு மடியிலும் காலிலும் போட்டுக்கொள்ளும் போர்வை.

35 சதுரத்துக்கு 70 மணி நேரம். தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் 140 நாள். ஆடி முதல் தேதி, அதாவது ஜூலை நடுவில் தொடங்கினால், டிசம்பர் முதல் வாரத்தில் கடைசிச் சதுரம் முடியும். இணைக்க இரண்டு வாரம். மார்கழி பிறக்கும்போது போர்வை தயார்!

'அந்த அரை மணி நேரத்துக்கு எங்கே போவது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அந்த வித்தியாசத்திலிருந்து ஒரு அரை மணி நேரத்தை வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளட்டும். இரவுப் பாத்திரத்தை ஒருவர் கழுவினால், இன்னொருவருக்கு நாலு வரிசை பின்ன நேரம் கிடைக்கும். 'சும்மாதானே உட்கார்ந்து பின்னுகிறாய், ஒரு டீ போடேன்' என்று கேட்கும் பழக்கத்தை விட்டாலே பாதிப் போர்வை முடிந்த மாதிரி.

பலன் போர்வை மட்டும் அல்ல. 2013-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், பின்னல் பழக்கமுள்ள 3,545 பேரிடம் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள், அதனால் தங்கள் மனம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். பின்னலை விரும்புகிறவர்களிடமே கேட்டது என்பதால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அரை மணி நேரம் கையில் போன் இருக்காது என்பது உறுதி.

என்னென்ன வேண்டும்?

பட்டியல் சின்னது. இரண்டு பின்னல் ஊசி, உல்லன் நூல், கத்தரி, இன்ச் டேப், நுனி மழுங்கிய பெரிய காது ஊசி ஒன்று.

ஊசி வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் முறைதான் இன்னும் புழங்குகிறது. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8-ம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், 10-ம் நம்பர் 3.25 மில்லிமீட்டர், 12-ம் நம்பர் 2.75 மில்லிமீட்டர். பெரிய எண்ணைப் பார்த்துத் தடித்த ஊசி என்று வாங்கி வந்தால் சதுரம் சுருங்கிப்போகும். முதல் போர்வைக்கு 8-ம் நம்பர் ஊசியும், அதற்குப் பொருந்தும் நடுத்தரத் தடிமன் நூலும் சரியாக இருக்கும்.

கடையில் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது அக்ரிலிக் நூல். பெயர் மட்டும்தான் கம்பளி. இதில் நன்மையும் உண்டு. விலை குறைவு, மெஷினில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. கெடுதல், நெருப்பு பட்டால் உருகி தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னக் கூடாது. அதற்குப் பருத்தி நூல்தான். அசல் ஆட்டுக் கம்பளி சீக்கிரம் தீப்பிடிக்காது, கதகதப்பும் அதிகம். ஆனால் வெந்நீரில் அலசினால் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவு நூல் வாங்குவது? முதல் சதுரத்தைப் பின்னி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தோராயமாக 20 முதல் 25 கிராம் வரும். அதை 35-ஆல் பெருக்குங்கள். ஒரே நிறமாக வேண்டுமென்றால் மொத்த நூலையும் ஒரே நாளில், லேபிளில் ஒரே சாய எண் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். பிறகு வாங்கினால் அதே சிவப்பு வேறு சிவப்பாக இருக்கும். கலர் கலராகச் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மூலையிலிருந்து மூலைக்கு

வீட்டில் நாலு பேர் சேர்ந்து பின்னினால் ஒரு சிக்கல் வரும். அம்மாவின் கை இறுக்கம், மகளின் கை தளர்ச்சி. இருவரும் 40 கண்ணி போட்டாலும் ஒன்று 7 இன்ச், மற்றொன்று 9 இன்ச் வந்து நிற்கும். இதற்கு நல்ல வழி, மூலையில் தொடங்கி மூலையில் முடிக்கும் சதுரம். இதில் கண்ணிகளை எண்ண வேண்டாம், டேப்பால் அளந்தால் போதும்.

ஊசியில் 4 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை சாதாரணமாகப் பின்னுங்கள். அடுத்த வரிசையிலிருந்து, முதலில் 2 கண்ணி பின்னி, நூலை ஊசியின் மேல் ஒரு சுற்று விட்டு, மீதிக் கண்ணிகளைப் பின்னி முடியுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கண்ணி கூடி, பின்னல் முக்கோணமாக வளரும். முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமே இல்லை. எல்லா வரிசையும் நேர்ப் பின்னல்தான்.

முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் 8 இன்ச் வந்ததும் குறைக்கத் தொடங்குங்கள். ஒரு கண்ணி பின்னி, அடுத்த இரண்டைச் சேர்த்துப் பின்னி, நூலை ஒரு சுற்று விட்டு, மறுபடி இரண்டைச் சேர்த்துப் பின்னி, மீதியைப் பின்னுங்கள். இப்போது வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். கடைசியில் 4 கண்ணி மிஞ்சும்போது அடைத்துவிட்டால் சதுரம் தயார். நூல் நுனியை ஒட்ட வெட்டாமல் 3, 4 இன்ச் விட்டு வெட்டி, பெரிய ஊசியில் கோத்துப் பின்னலுக்குள் செருகுங்கள். ஒட்ட வெட்டினால் இரண்டாவது சலவையில் பிரிந்துவிடும்.

இந்த முறையில் ஓரத்தில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் விழும். பார்க்க அழகு. ஆனால் கைக்குழந்தைக்கென்றால் இது வேண்டாம், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். அதற்கு ஓட்டை விழாத நெருக்கமான பின்னல்தான் ஏற்றது. ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும்போது மேலே தளர்வான போர்வை போடக் கூடாது என்பது குழந்தைநல மருத்துவர்களின் அறிவுரை. விழித்திருக்கும்போது கீழே விரித்து விளையாட விடலாம்.

பழைய சேலையும் ஒரு நூல்தான்

பின்னல் வராதா? தையல் தெரிந்தால் போதும். ஒட்டுத்துணிப் போர்வை, இப்போதைய பேச்சில் 'குயில்ட்', நமக்குப் புதிதில்லை. பிறந்த குழந்தையைப் பழைய பருத்திச் சேலையில் கிடத்துவதும், நைந்த சேலைகளை நாலு மடிப்பாக மடித்து விரிப்பாகத் தைப்பதும் நம் பாட்டிகளின் வழக்கம். வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி எல்லாம் இதே குடும்பம்தான்.

பக்கத்து மாநிலத்தில் இன்னொரு அருமையான வழக்கம் இருக்கிறது. கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவாந்தி என்று பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். பழைய துணித் துண்டுகளை ஓரத்தில் வைத்துத் தைக்கத் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியால் சின்னதாக ஒரு பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை முழுமையாகவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

முதல்முறை தைப்பவர்களுக்கு எளிய அளவு இது. துணியை ஆறரை இன்ச் சதுரங்களாக வெட்டுங்கள். நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குப் போனால் 6 இன்ச் சதுரம் மிஞ்சும். 5-க்கு 7 என 35 சதுரங்களை இணைத்தால் 30-க்கு 42 இன்ச். அடியில் ஒரு முழுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு அல்லது இரண்டு மடிப்பு பழைய சேலை, மேலே இணைத்த சதுரங்கள். மூன்றும் நகராமல் ஊக்குக் குத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ரன்னிங் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். சித்தி பெண்களின் கை அதற்குப் பழகியது, நமக்கு இது பாதுகாப்பு.

மறக்கக் கூடாதவை மூன்று. முதலாவது, எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். இரண்டாவது, ஒரே வகைத் துணியைச் சேருங்கள். பருத்தியோடு சிந்தெடிக் சேர்ந்தால் இஸ்திரிப் பெட்டியில் ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது. மூன்றாவது, இழுபடும் பனியன் துணி குயில்ட்டுக்கு ஆகாது. திருப்பூர் பனியன் கட்டிங் கிடைத்தால் ஒரு இன்ச் பட்டைகளாக வெட்டி, இழுத்துவிட்டுத் தடித்த குரோஷா ஊசியில் பின்னுங்கள். அருமையான மிதியடி கிடைக்கும்.

துணிக்கு அலைய வேண்டாம். சேலம், ஈரோடு, சென்னிமலை பக்கம் நெசவுக்குப் பஞ்சமில்லை. தெருமுனைத் தையல் கடையில் சொல்லி வைத்தால் ஒரு மாதத்தில் ஒரு பை நிறைய வெட்டுத்துணி சேர்ந்துவிடும்.

மலையில் ஈரம் ஒரு எதிரி

ஏற்காடு மாதிரி இடத்தில் போர்வை செய்வதைவிடக் காப்பாற்றுவது கஷ்டம். மழைக்காலத்தில் மூடுபனி நாள்கணக்கில் நிற்கும். தடித்த பஞ்சு வைத்த குயில்ட் ஒருமுறை நனைந்தால் காய மூன்று நாள் ஆகும், அதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். அதனால் மலை வீட்டுக்குப் பஞ்சைவிட இரண்டு, மூன்று மடிப்புச் சேலை வைத்த போர்வை நல்லது. மெல்லியதாக இரண்டு செய்து, குளிர் அதிகமானால் ஒன்றின் மேல் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

துவைப்பதை வெயில் நன்றாக அடிக்கும் மாசி, பங்குனிக்கு ஒதுக்குங்கள். கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் நீண்டுவிடும். துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். துணிப்பூச்சியின் புழு அரிப்பது ஆட்டுக் கம்பளியையும் பட்டையும்தான். அழுக்கும் வியர்வையும் இருந்தால் அதற்கு இன்னும் ருசி. அதனால் எடுத்து வைக்கும் முன் துவைத்துவிடுங்கள். பருத்திக்குக் கஞ்சி போட்டு வைக்காதீர்கள். கஞ்சியைத் தேடி வெள்ளிப் பூச்சி வரும். பாலிதீன் பைக்குள் ஈரம் தங்கும் என்பதால் பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள்.

விற்கலாமா?

அழகாக ஒன்று செய்து முடித்ததும் பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது, 'இதை விற்கலாமே!'

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 மணி நேர வேலை. மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலே கூலி மட்டும் 3,500 ரூபாய். மேலே நூல் விலை. மெஷின் போர்வை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, இந்த விலையைக் கேட்டவர் முகம் மாறும். உடனே நீங்கள் கூலியை விட்டுவிட்டு நூல் விலைக்குக் கொடுப்பீர்கள். பொழுதுபோக்காக இருந்தது அன்றோடு கூலியில்லாத வேலையாகிவிடும். ஏற்கெனவே வீட்டில் அப்படிப்பட்ட வேலை 299 நிமிடம் இருக்கிறதே!

கைவேலை வருமானமாக மாறிய இடங்களில் அது தனி ஆளாக மாறவில்லை. சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, தர்மபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி பள்ளத்தாக்கைப் பாருங்கள். டாக்டர்கள் ரெஜி, லலிதா தம்பதி 1993-ல் தொடங்கிய 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' மருத்துவமனை அங்கே இருக்கிறது. அந்தப் பகுதி லம்பாடிப் பெண்களிடம் எம்பிராய்டரி கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. கை மறக்காத மூத்த பெண்களிடம் இளையவர்கள் மறுபடி கற்றார்கள். 'போர்கை' என்ற பெயரில் சேர்ந்து தைத்து விற்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். நீலகிரியில் தோடர்களின் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் எந்த வரைபடமும் இல்லாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பது அவர்கள் கலை.

இங்கெல்லாம் சேர்ந்து உழைக்கும் குழுவும், விலை பேச ஆளும், தங்களுக்கே உரிய ஒரு கலையும் இருக்கின்றன. உங்களுக்கும் அப்படி ஒரு குழு அமைந்தால் தாராளமாக விற்கலாம். அதுவரை, பின்னுவது உங்கள் சந்தோஷத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஆர்டர் கொடுத்தால் மணிக்கணக்கைச் சொல்லிக் கூலி கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

போனவர்களின் துணி

எல்லா வீட்டு பீரோவிலும் ஒரு மூட்டை இருக்கும். அம்மாவின் சேலைகள், அப்பாவின் சட்டைகள். கொடுக்க மனம் வராது, உடுத்தவும் முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைப்போம். அதிலும் பட்டு, ஒரே மடிப்பில் பல வருஷம் இருந்தால் மடிப்புக் கோட்டிலேயே விட்டுப்போகும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண்மணி, 1942-ல் கணவர் இறந்த பிறகு, அவர் வயலில் போட்டு உழைத்த துணிகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். சாயம் போன நீலமும் பழுப்புமாக, சாதாரண ஏழைக் குடும்பத்துப் போர்வை. 2002-ல் அந்த ஊர்ப் போர்வைகள் அமெரிக்க அருங்காட்சியகங்களின் சுவரில் ஏறின. இவருடையதும் அவற்றில் ஒன்று.

அதே நாட்டில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுப் போர்வை உருவானது. ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடித் துணி, ஒரு மனிதக் கல்லறையின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். இன்று சுமார் 50,000. இறந்தவரின் பெயரை வெளியே சொல்லவே பலர் தயங்கிய காலத்தில், அம்மாக்களும் நண்பர்களும் அதைத் துணியில் தைத்து எல்லோரும் பார்க்க விரித்தார்கள்.

அம்மாவின் சேலையில் கத்தரி வைக்க மனம் கேட்காதுதான். எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். மிகப் பிடித்த ஒன்றிரண்டை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் ஆளுக்கு ஒரு சதுரம் வெட்டி, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோர் வீட்டுக்கும் ஒவ்வொரு போர்வை தைக்கலாம். நைந்த துணியாக இருந்தால் பின்னால் மெல்லிய மல் துணி வைத்துத் தையுங்கள். பாகம் பிரிப்பதில் சண்டை வராத சொத்து இது ஒன்றுதான்!

பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் முகம் ஞாபகம் இல்லாமல் போகலாம். 'இந்தப் பச்சை என்ன சேலை?' என்று ஒரு நாள் கேட்பார்கள். சொல்ல ஒரு கதை உங்களிடம் இருக்கும்.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தப் பாதிப் பின்னலை வெளியே எடுங்கள். அகலம் 8 இன்ச்சுக்குப் பக்கத்தில் இருந்தால் சதுரமாகும்வரை பின்னி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரித்துப் பந்தாகச் சுற்றுங்கள். சுருண்ட நூலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, தளர்வாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் மறுபடி நேராகும்.

தனியாக 35 சதுரம் மலைப்பாக இருந்தால், ஏழு பேர் சேருங்கள், ஆளுக்கு ஐந்து. அக்கம்பக்கம், அலுவலகம், பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழு, யாராக இருந்தாலும் சரி. ஐந்து சதுரம் என்றால் தினம் அரை மணி நேரத்தில் 20 நாள் வேலை. முடிந்த போர்வை யாருக்கு என்பதை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் முதியோர் இல்லத்திலோ அரசு மருத்துவமனை வார்டிலோ முன்கூட்டியே விசாரித்து, என்ன அளவு வேண்டும், எப்படித் துவைப்பார்கள் என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால் போர்வை வீணாகாது.

ஆடி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊசியில் 4 கண்ணி ஏற்ற இரண்டு நிமிடம் போதும்.